கிட்டங்கியில் ஆள் இல்லை

ஜூலை 20, திங்கள்

கொடிமுனை மாடல் முடிந்தது. ஏற்றிவிட்டேன்.

தொழில்நுட்ப ஊழியர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. அதை யாரும் படிப்பதில்லை என்பது நடைமுறை. டைரி அட்டையில் 'பண்பாட்டு மரபு மற்றும் கொள்கை ஆய்வுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு' என்று பொன்னெழுத்து. ஐந்து நாட்டு ஆய்வு மையங்கள் சேர்ந்தது. தலைமை போர்ச்சுகலில், போர்ட்டோ நகரத்தில். எங்கள் மையம் மதுரையில், ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் மேல்மாடியில். மற்ற எல்லோரும் வரலாறும் மானுடவியலும் படித்தவர்கள். நான் ஒருவன்தான் நில அளவைப் பொறியியல். அதனால் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கொடிமுனையில் கடலோரமாகக் கம்பெனிக் காலத்து உப்புக் கிடங்கு ஒன்று இருக்கிறது, ஊர்ப் பேச்சில் கிட்டங்கி. கூரை எப்போதோ போய்விட்டது. நான்கு பக்கமும் பெரிய சுவர் மட்டும் நிற்கிறது. அதை லேசரால் அளந்து கணினிக்குள் முப்பரிமாணத்தில் கட்டுவது என் வேலை. ஜூனில் போய் அளந்தேன். அளப்பது சுலபம். சுத்தம் செய்வதுதான் கொடுமை. கிட்டங்கிக்குள் குடும்பங்கள் இருக்கின்றன, கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். தார்பாய், ஓலை, தகரம், அடுப்பு, குடம், ஆடு. கூட்டமைப்பின் வழிகாட்டியில் தெளிவாக இருக்கிறது: தற்காலிகப் பொருட்களை நீக்கவும். நடமாடுகிறவர்களை மென்பொருளே எடுத்துவிடும். அசையாமல் இருப்பதை நான் கையால் எடுக்க வேண்டும். ஒரு அக்கா அடுப்புப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டே இருந்தது. "கொஞ்சம் நகருங்கக்கா" என்று எத்தனை தடவை சொல்லியும் நகரவில்லை. பெயர் மரியபுஷ்பம். அந்த அக்கா வீட்டுச் சோலாரில்தான் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டேன். "எங்க வீடும் படத்துல வருமா தம்பி?" என்று கேட்டது. "எல்லாம் வரும்க்கா" என்றேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வேறென்ன சொல்ல.

ஒரு பொருளை நீக்கினால் அதற்குப் பின்னால் சுவரில் ஓட்டை விழும். லேசர் அந்த இடத்துக்குப் போயிருக்காது, அவ்வளவுதான் விஷயம். ஓட்டைகளைப் பக்கத்துச் சுவரிலிருந்து வெட்டி ஒட்டி அடைத்தேன். எங்கள் இயக்குநர் வசுந்தரா மேடம் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா வந்திருக்கு" என்றார். ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்க்கும் பெனடிக்ட் சார் எட்டிப்பார்த்து, "கழுவிக் கவுத்த சட்டி மாதிரி இருக்குப்பா" என்றார். பாராட்டுதானா என்று தெரியவில்லை.

ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் அடுத்த வேலைக்காக அழித்துவைத்தேன்.

ஜூலை 21, செவ்வாய்

துணி துவைத்தேன். மெஸ்ஸில் சாம்பார் நேற்றையது.

ஜூலை 24, வெள்ளி

கொடிமுனை அறிக்கையின் வரைவு போர்ட்டோவிலிருந்து வந்தது. பக்கம் கட்டி பிடிஎஃப் ஆக்குவதும் என் தலையில்தான். நான் வழக்கமாக உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பதில்லை. இன்று ஒரு வரி பக்கத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்கு ஓடியதால் படிக்க வேண்டியதாயிற்று.

'அளவை நடந்த நாளில் வளாகத்தினுள் மனித வசிப்பு ஏதும் இல்லை (பார்க்க: இணைப்பு மூன்று).'

இணைப்பு மூன்று என் மாடல்.

அச்சுப் பிழை என்று நினைத்து, அறிக்கையை எழுதிய போர்ட்டோ டெரெசாவுக்கு மெயில் போட்டேன். உடனே பதில் வந்தது, இயந்திரம் போட்ட பதில். ஆகஸ்ட் கடைசி வரை விடுமுறையாம். அவசரம் என்றால் இன்னொருவருக்கு எழுதச் சொன்னது. எழுதினேன். அவரும் விடுமுறை. அவசரம் என்றால் டெரெசாவுக்கு எழுதச் சொன்னார்.

ஜூலை 27, திங்கள்

மேடத்திடம் சொன்னேன். "மேடம், கிட்டங்கிக்குள்ள ஆளுங்க இருக்காங்க. நான் பார்த்தேன். அறிக்கைல இல்லைனு போட்டிருக்காங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மாடல்ல இல்லையே சேவுகன்."

"நான் எடுத்துட்டேன் மேடம். தற்காலிகம்னு."

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. வழிகாட்டி அதுதானே."

"அதை வெச்சு யாருமே இல்லைனு எழுதலாமா?"

அவர் கெட்டவர் இல்லை. சொல்வதற்குக் கஷ்டப்பட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் சொன்னது இதுதான். இந்த அறிக்கை ஏற்கப்பட்டால் அரசாங்கம் கிட்டங்கியைப் பாதுகாப்புப் பகுதி ஆக்கும். அளவை நாளில் அங்கே இருந்தவர்களுக்கு மாற்று வீடு உண்டு. அளவை நாளில் இல்லாதவர்கள் பிறகு வந்து ஆக்கிரமித்தவர்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடையாது, வேலி போடும்போது வெளியே போக வேண்டியதுதான்.

"அப்ப மாத்துங்க மேடம்."

"சுத்துக்கு விட்டாச்சு."

சுற்று என்றால் என்ன என்று பெனடிக்ட் சார்தான் விளக்கினார். ஐந்து மையங்களும் ஓட்டுப் போடுவதில்லை. வரைவை எல்லோருக்கும் அனுப்பி ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் எந்த மையமும் மறுப்புச் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. "பொண்ணு பார்க்கப் போன இடத்துல மௌனம் சம்மதம்பாங்கள்ல, அதேதான். இங்க பொண்ணே ஊர்ல இருக்காது. ஆகஸ்ட்ல அங்க எல்லாரும் பீச்சுக்குப் போயிருவாங்க."

"நான் மறுப்புச் சொல்லலாமா சார்?"

"நீ யாருப்பா? மையத்தோட இயக்குநர் சொல்லணும். அஞ்சு பேர்ல ஒருத்தர் ஒரு வரி எழுதினாப் போதும், மொத்தமும் நின்னுரும். மறுபடி முதல்லேர்ந்து சுத்து."

கெடு ஆகஸ்ட் 14 மாலை.

ஜூலை 29, புதன்

அழித்த டிஸ்க்குகளிலிருந்து பழைய அளவையை மீட்கப் பார்த்தேன். இரண்டு மென்பொருள், பிறகு டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடை. கடைக்காரர் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார், தேங்காய் பார்ப்பது போல. "சார், சும்மா அழிச்சிருந்தா எடுத்துரலாம். நீங்க மேல எழுதி அழிச்சிருக்கீங்க. நல்லா வேலை தெரிஞ்சவன் பண்ணதுங்க இது."

ஆமாம்.

ஆகஸ்ட் 1, சனி

ராமநாதபுரம் போய் பஸ் மாறி கொடிமுனை. ஆடிக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிறது. மரியபுஷ்பம் அக்கா கூரை மேல் தார்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. கீழே அதன் வீட்டுக்காரர் அந்தோணி வலது காலை நீட்டி உட்கார்ந்து கயிறு பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். படகில் அடிபட்ட கால்.

"வாங்க தம்பி. இன்னைக்குக் கேமரா இல்லையா?"

"இல்லக்கா. சும்மா பார்க்க வந்தேன்."

"சும்மா யாரு கொடிமுனைக்கு வருவா," என்றார் அந்தோணி. "காத்துகூட வேலையாத்தான் வருது."

இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அக்காவின் அப்பா காலத்தில் ஒரு புயல். கரையிலிருந்த குடிசைகள் போனதும் இந்தச் சுவருக்குள் வந்தார்களாம். அக்கா பிறந்ததே உள்ளேதான். ரேஷன் கார்டு கேட்டேன். காட்டியது. விலாசம் 'கொடிமுனை கடற்கரை'. கடற்கரை என்றால் எந்தக் கடற்கரை என்று அதில் இல்லை. ஜூனில் எடுத்த போட்டோ ஏதாவது என்று கேட்டேன். மகளின் போனில் இருந்தது: முகம், முகம், கேக், முகம். பின்னால் நீல நிறம். தார்பாயா கடலா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இன்று நானே படம் எடுக்கலாம். எடுத்து என்ன? ஜூனில் இல்லாத வீடு ஆகஸ்டில் இருக்கிறது என்றால் ஆக்கிரமிப்பு என்பதற்கு நானே சாட்சி கொடுத்த மாதிரி.

அக்கா கருவாடு சுட்டுச் சோறு போட்டது. சாப்பிட்டேன். எதற்காக வந்தேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

நான்கு வெளிநாட்டு மையங்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். போர்ட்டோ: விடுமுறை. உத்ரெக்ட்: விடுமுறை, ஏரிக்கரைப் படத்துடன். பினாங்: உங்கள் கவலையைப் பெற்றுக்கொண்டோம், தொழில்நுட்ப ஊழியர்கள் தங்கள் இயக்குநர் வழியாக எழுதவும். கொழும்பிலிருந்து ஒரு நல்ல மனிதர் போனிலேயே கூப்பிட்டார்.

"தம்பி, நீர் சொல்றது விளங்குது. ஆனா போன வருசம் நாங்கள் ஒரு மறுப்புச் சொல்லிப் போட்டம். இந்த வருசமும் சொன்னால் எங்களைக் கரைச்சல்காரர் எண்டு நினைப்பினம்."

"வீடு போகுது சார்."

"ஓம், ஓம். அதுதான் எனக்கும் மனவருத்தம்."

ஆகஸ்ட் 6, வியாழன்

இன்று ஒன்று கண்ணில் பட்டது. வேறு வேலையாக மாடலைத் திறந்து வடக்குச் சுவரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் இடுக்கில் ஒரு அரசங்கன்று, நாலு இலை, ஒரு இலையின் நுனி கிழிந்தது. கொஞ்சம் தள்ளி அதே கன்று. அதே கிழிந்த இலை. இன்னும் தள்ளி, மறுபடி. கிழக்குச் சுவரிலும். உலகத்தில் எந்தச் சுவரிலும் ஒரே கன்று இத்தனை இடத்தில் முளைக்காது. நான் ஓட்டை அடைக்கும்போது அவசரத்தில் ஒரே துண்டை வெட்டி வெட்டி ஒட்டியிருக்கிறேன். பொறுமையாகச் செய்திருந்தால் வேறு வேறு இடத்திலிருந்து எடுத்திருப்பேன், கண்டுபிடிக்கவே முடியாது.

எங்கெல்லாம் கன்று இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு வீடு இருந்தது.

ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். ஓட்டைகள் திரும்பி வந்தன, அதனதன் வடிவத்தோடு. சரிந்த கூரை. குடம். கொடியில் தொங்கிய சேலை. எல்லாம் கறுப்பாக, சுவரில் கத்தரித்து எடுத்த மாதிரி. லேசரை மறைக்க அங்கே ஏதோ ஒன்று ஜூனில் நின்றிருக்க வேண்டும். இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். பெனடிக்ட் சார் பன் வாங்கிவந்து வைத்தார்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மேடத்திடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். புரிந்துகொண்டார். அதுதான் இன்னும் மோசம்.

"ஒரு வரி எழுதுங்க மேடம். மறுப்புனு மட்டும்."

"எழுதினா என்ன அர்த்தம் தெரியுமா? எங்க மாடல் பொய்னு எங்க மையமே சொல்லுது. ஐந்து வருஷ நிதி இந்த டிசம்பர்ல புதுப்பிக்கணும். இங்க பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறோம் சேவுகன்."

"அங்கயும் ஆளுங்க இருக்காங்க."

"அடுத்த பதிப்புல திருத்தம் போடலாம். நான் வாக்குக் கொடுக்கிறேன்."

"அடுத்த பதிப்பு வர்றப்ப அங்க வேலிதான் மேடம் இருக்கும்."

"குரலைக் குறைங்க," என்றார். நான் குரலை உயர்த்தியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கீழே பல் டாக்டரின் மெஷின் கூட நின்றிருந்தது.

ஆகஸ்ட் 10, திங்கள்

மரியபுஷ்பம் அக்கா போன் செய்தது. அரசாங்க ஆள் ரெண்டு பேர் வந்து சுவரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்களாம்.

"ஜூன்ல இங்க யாருமே இல்லைனு பேப்பர்ல இருக்காம் தம்பி. அறிக்கை வந்ததும் காலி பண்ணணுங்கிறாக. நான் சண்டை போட்டேன். ஒரு தம்பி மதுரைலேர்ந்து வந்து முழுசா படம் எடுத்துச்சு, எங்க வீட்டுலதான் சார்ஜ் போட்டுச்சுனேன். அப்ப அந்தப் படத்தைக் கொண்டாங்கிறாக. அதைக் கொஞ்சம் அனுப்புறீகளா?"

"அனுப்புறேன்க்கா."

"இன்னைக்கே அனுப்பிருங்க. நாளைக்குத் திரும்ப வருவாக."

ஆகஸ்ட் 11, செவ்வாய்

அனுப்பவில்லை. எதை அனுப்புவது. அக்கா நாலு தடவை கூப்பிட்டது.

ஆகஸ்ட் 12, புதன்

இறுதிப் பிடிஎஃப்பை இன்று எல்லா மையங்களுக்கும் அனுப்ப வேண்டும். வாசகம் எதையும் தொடக்கூடாது, பக்கம் மட்டும் கட்ட வேண்டும். தொட்டால் கோப்பே செல்லாது.

டீக்கடையில் பெனடிக்ட் சாரிடம், இதுவரை எந்தச் சுற்றாவது நின்றிருக்கிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை. கொழும்பு ஒரு தடவை ஏதோ கோயில் விஷயத்துல. இன்னொரு தடவை உத்ரெக்ட். அட்டையில அவங்க லோகோ மத்தவங்களதைவிட ஒரு நூல் கீழ இருந்துச்சு. பெரிய ரகளை. அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, அறிக்கைல அவங்க எல்லாரும் உண்மையிலேயே திறந்து பார்க்கிற பக்கம் ஒண்ணே ஒண்ணுதான்னு." வடையைப் பிய்த்து எண்ணெயைப் பேப்பரில் ஒற்றினார். என்னைப் பார்க்கவில்லை. "அட்டை நீதானே கட்டுற?"

"ஆமா சார்."

"பார்த்துக் கட்டு."

மாலை பக்கம் கட்டினேன். வேலை நிறைய. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஐந்து லோகோக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பினாங் லோகோ கொஞ்சம் சின்னதாக வந்திருக்கலாம். உத்ரெக்ட் பழைய லோகோவாக இருக்கலாம். களைப்பில் சரிபார்க்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

மெயில் இல்லை. பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். அக்கா போன் செய்யவில்லை, அதுவும் பயமாக இருந்தது.

மெஸ்ஸிலும் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

காலை: ஒன்றுமில்லை. மதியம்: ஒன்றுமில்லை. கெடு முடிய இருக்கும்போது பினாங்கிலிருந்து வந்தது. தங்கள் மையத்தின் அடையாளம் ஏனைய உறுப்பினர்களின் அடையாளத்தைவிடக் கணிசமாகச் சிறிதாக அச்சிடப்பட்டிருப்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் கவனித்ததாகவும், இந்த நிலையில் முறைப்படி மறுப்புத் தெரிவிப்பதாகவும். பிறகு உத்ரெக்ட், ஏரிக்கரையிலிருந்தே. அவர்கள் பினாங்கை ஆதரித்தார்கள், கூடவே சொந்த மறுப்பு. பிறகு கொழும்பு: இப்போது பார்த்தால் எங்களுடையதும் சின்னனாகத்தான் தெரிகிறது. விடுமுறையில் இருந்த டெரெசா கடற்கரையிலிருந்து நாலு மெயில் போட்டுவிட்டார்.

மௌனம் கலைந்தது. சுற்று ரத்து. புதுச் சுற்று முப்பது நாள். விதிப்படி எல்லா இணைப்புகளையும் மறுபடி சரிபார்த்து ஏற்ற வேண்டும். இணைப்பு மூன்றைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் தொழில்நுட்ப ஊழியர். இயக்குநர் இல்லை. விதியை நான் இப்போதுதான் முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். நல்ல விதி.

மேடம் கூப்பிட்டார். "தப்பா வந்துச்சா, வேணும்னே பண்ணீங்களா?"

"வேலைப்பளு மேடம்."

அவர் மேசையில் அட்டையின் அச்சு கிடந்தது. பினாங் லோகோ ஒரு மாத்திரை அளவு.

"இந்த மாசத்தோட உங்க ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்க மாட்டேன்," என்றார். "திங்கக்கிழமை மத்தியானம் உங்க லாகின் நிறுத்தப்படும்." மேசையிலிருந்த அச்சைத் திருப்பிப் போட்டார். "மத்தியானம்னுதான் சொன்னேன். காலைல இருக்கும்."

ஆகஸ்ட் 17, திங்கள்

காலையில் இணைப்பு மூன்றை ஏற்றினேன். ஒட்டு இல்லாத சுவர்கள், ஓட்டைகளோடு. எந்த ஓட்டையில் என்ன இருந்தது, யார் நீக்கியது என்று குறிப்பு. நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர், எல்லா வரியிலும். திரும்பத் திரும்ப ஒரே பெயர், அந்த அரசங்கன்று மாதிரி.

அறிக்கையின் வரியும் இணைப்பைப் பார்த்து மாறித்தான் ஆக வேண்டும். டெரெசா திட்டிக்கொண்டே மாற்றினார். இனி யாராவது ஒருவர் மறுத்தால் இதுவும் விழும். இந்தத் தடவை எல்லோரும் பேசாமல் இருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஐந்து பேரும் நன்றாக விடுமுறை கழிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் லாகின் போய்விட்டது. பெனடிக்ட் சார் அவருடைய கணக்கிலிருந்து ஒரு பெரிய அச்சு எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார். "காலண்டர்னு சொல்லிக் கொண்டுபோ," என்றார்.

ஆகஸ்ட் 22, சனி

கொடிமுனை. சுண்ணாம்புக் கோட்டைக் காற்று பாதி அழித்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தது.

"போன் எடுக்க மாட்டீகளோ."

"எடுத்திருக்கணும்க்கா."

அச்சைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். அந்தோணி காலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மிச்சத்தைச் சொல்லியிருக்க மாட்டேன்.

"அப்ப எங்க வீட்டை அழிச்சது நீங்கதான்," என்றது அக்கா.

"ஆமாக்கா."

"எல்லாம் வரும்னீக."

"ஆமாக்கா."

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குனிந்தது. அதன் வீடு எது என்று நான் காட்டுவதற்குள் அதுவே கண்டுபிடித்துவிட்டது, கூரைச் சரிவை வைத்து. "இந்தா, இது சோலார் பலகை. இது குடம். இது அடுப்பு." விரல் அங்கேயே நின்றது. "அடுப்புக்குப் பக்கத்துல இன்னொரு ஓட்டை நெட்டுக்குத்தா நிக்குதே. இது என்ன தம்பி? இங்க நான் எதுவும் வைக்கலையே."

"அது நீங்கக்கா. நகரச் சொன்னேன், நகரல."

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்பில் வைத்த கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அது வழியாகச் செங்கல் தெரிந்தது, நாலு செங்கல், லேசர் போய்த் தொட்ட நிஜமான செங்கல்.

"கிறுக்கா," என்றது கடைசியில். "அன்னைக்கே விவரம் சொல்லியிருந்தா எல்லாரையும் கூப்பிட்டு வரிசையா நிக்க வெச்சிருப்பேன்ல."

அந்தோணி அச்சின் ஒரு மூலையிலிருந்து கல்லை எடுத்து, காற்றுக்கு இன்னும் பெரிய கல்லாகப் பார்த்து வைத்தார்.